வீட்டுக்குள் பைக் வைத்திருக்கிறேன், பெட்ரோல் வாடை போக மாட்டேன் என்கிறது

சந்துவீட்டுக்காரன்:

மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறோம். பதினோரு அடி அகலம், நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி போகும். முன்னறை, அடுத்து ஓர் அறை, அடுப்படி, குளியலறை, அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சுவர். பின்வாசல் கிடையாது.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். போன வருடம் வரை வாசலில் சாக்கடை ஸ்லாப் மேல்தான் நிற்கும். முதலில் ஒருநாள் ராத்திரி டியூபைப் பிடுங்கி பெட்ரோலை உருவிக்கொண்டு போனார்கள். சரி, போகட்டும் என்றிருந்தேன். அடுத்த மாதம் எதிர்வீட்டு அண்ணனின் வண்டியே காணாமல் போனது, ஹாண்டில் லாக் போட்டிருந்தும். இந்த வண்டிக்கு இன்றைக்கு இருக்கும் கிராக்கி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1996-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது சிக்னலில் நிறுத்தி "கொடுக்கிறீங்களா?" என்று கேட்கிறார். எதிர்வீட்டு வண்டி போன அன்றையிலிருந்து ராத்திரியானால் முன்னறைக்குள் ஏற்றிவிடுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், முட்டி வலியால் அம்மா முன்னறைக் கட்டிலில்தான் படுக்கிறார். வண்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். காலையில் எழுந்ததும் தலை பாரமாக இருக்கிறது என்கிறார். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஊதுபத்தி கூட ஏற்றிப் பார்த்தேன், வாடை அடங்கவில்லை. விளக்கு மாடமும் அதே அறையில். அம்மா விடியற்காலையிலேயே விளக்கேற்றிவிடுவார். நான் ஏழு மணிக்கு உள்ளேயே ஒரு உதை உதைத்து, கொஞ்சம் சூடானதும் இறக்குவேன். வெளியே வைத்து உதைத்தால் சந்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

ஒன்பது அங்குல வாசற்படி வேறு. பலகை போட்டு ஏற்றுகிறேன், மழை நாளில் வழுக்குகிறது. இப்படி வீட்டுக்குள் வண்டி வைத்திருப்பவர்கள் வாடையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? விற்றுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் தங்கை ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

பேட்டைவாசி:

நல்ல சங்கிலி ஒன்று வாங்கி ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். வீட்டுக்குள் வண்டி எதற்கு?

சந்துவீட்டுக்காரன்:

எதிர்வீட்டு ஜன்னல் கம்பியையே அறுத்துவிட்டார்கள் அண்ணே. சங்கிலி அப்படியே இருந்தது.

ஸ்பேனர் தாத்தா:

தம்பி, ஊதுபத்தியை முதலில் தூக்கிப் போடுங்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கோயம்புத்தூரில் முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன், வண்டி நிற்பதால் வாடை வராது. ஒழுகினால்தான் இந்த அளவுக்கு வரும். டேங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு, அதில் லேசாக வரும். ஒரு மனுஷிக்குத் தலை பாரமாகிற அளவுக்கு வராது.

இன்று ராத்திரி இதைச் செய்யுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். டேப்புக்கு நேர் கீழே ஒரு தாள், கார்புரேட்டருக்கு நேர் கீழே ஒரு தாள். பெட்ரோல் காய்ந்துவிடும், ஆனால் சொட்டின இடத்தில் ஓரம் மஞ்சளாக ஒரு வட்டம் நிற்கும். பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ-டி இஞ்சின் ஆயில் என்றால் காயவே காயாது, பிசுக்கென்று இருக்கும், அதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். டேப்பை மூடியும் டேப்புக்குக் கீழே வட்டம் வந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. மறுநாள் டேப்பைத் திறந்து வைத்துப் பாருங்கள், வாசற்கதவைத் திறந்துபோட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அரைமணி நேரம் மட்டும். அப்போது ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டினால் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கிண்ணம் நிரம்பியும் ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது.

டேப்பை வீட்டுக்கு வந்த பிறகு மூடுவதில் பாதிப் பலன்தான். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது ராத்திரி முழுக்க ஆவியாகும். அரை கிலோமீட்டர் முன்னாலேயே மூடிப் பழகுங்கள். ஆர்எக்ஸில் ஆயில் தனிப் பம்பில் போகிறது, அதனால் கடைசியில் பெட்ரோல் குறைந்தாலும் பிஸ்டன் வறண்டு போகாது. முதல் வாரம் நடுத்தெருவில் நின்றுபோகும், என்னைத் திட்டாதீர்கள்.

ஜன்னல் விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஜன்னல் மேலே இருக்கிறது, ஆவி கீழே இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அதில் துணியை அடைத்து வைத்திருக்கிறீர்களா, எலிக்குப் பயந்து? அம்மாவின் விளக்கு தரையை ஒட்டி இருக்கிறதா, உயரத்திலா? எங்கே இருந்தாலும் அந்த அறையில் வேண்டாம், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். சாமி பக்கத்து அறைக்குப் போனால் கோபித்துக்கொள்ளாது.

அப்புறம் உள்ளே உதைப்பது. சந்து எழுந்தால் எழட்டும். புகை வாடையாவது தெரியும், அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அம்மாவின் தலை பாரத்தில் பாதி அதுவாகவும் இருக்கலாம்.

அல்லிக்கேணி ஜானகி:

எங்கள் வீட்டில் புல்லட் பத்து வருடமாக ரேழியில்தான். 190 கிலோவுக்கு மேல் வரும். உங்கள் வண்டி 100 கிலோதான், கொடுத்து வைத்தவர்.

பலகை எத்தனை அடி? ஒன்பது அங்குலத்துக்கு மூன்றடிப் பலகை போட்டால் செங்குத்தாக இருக்கும், ஐந்தடி போடுங்கள். தென்னைநார் மிதியடியை நீளவாக்கில் வெட்டி, பலகையில் ஆணி அடித்துவிட்டோம், அடைமழையிலும் வழுக்குவதில்லை. பலகையின் மேல்முனை படியில் மாட்டுகிற மாதிரி அடியில் ஒரு மரக்கட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஏறும்போது பலகை பின்னால் நகரும். என் கணவருக்கு நகர்ந்தது, எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சைடு ஸ்டாண்டுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பின் குதிகால் பக்கத்தை வெட்டி வையுங்கள். டைல்ஸ் தப்பிக்கும். சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு என்றால் சைலன்சர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். என் பையனுக்குக் கெண்டைக்காலில் ஒரு ரூபாய் அளவுக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சைகோன் ரிட்டர்ன்:

வியட்நாமில், ஹோ சி மின் நகரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே நீங்கள் செய்வதில் ஒரு அதிசயமும் இல்லை. வீடெல்லாம் உங்கள் வீடு மாதிரியே, முகப்பு குறுகல், நீளம் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் இரும்புச் சரிவுப் பலகையைப் போட்டு வண்டியை உள்ளே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சோபா, டிவி, பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர். நான் குடியிருந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஹனோயில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 56 பேர் இறந்தார்கள். தீ ஆரம்பித்தது தரைத்தளத்தில், வண்டிகள் நின்ற இடத்தில். வெளியே வர இருந்த வழியும் அது ஒன்றுதான். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது வாடை இல்லை, "பின்வாசல் கிடையாது" என்ற அந்த வரிதான். வண்டி எங்கே நிற்கிறது, கதவுக்கு முன்னாலா? முட்டி வலி இருக்கிற அம்மா கதவுக்குப் போக வண்டியைத் தாண்ட வேண்டுமா?

சந்துவீட்டுக்காரன்:

தாண்ட வேண்டும். கட்டில் உள்பக்கம், வண்டி கதவுப் பக்கம். ஏற்றி இறக்க வசதி என்று நான்தான் அப்படி வைத்தேன். கேட்டவுடன் கொஞ்ச நேரம் பதில் எழுத வரவில்லை அண்ணே.

சந்துவீட்டுக்காரன் (பத்து நாள் கழித்து):

தாத்தா, செய்தித்தாள் வைத்தேன். முதல் ராத்திரி டேப்புக்குக் கீழே ஒரு வடை அளவுக்கு வட்டம். டேப் மூடித்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி விறைத்து வெடித்திருந்தது. டேப்பையே புதிதாக மாற்றிவிட்டேன். கதவுக்கடியில் துணி இருந்தது உண்மை, எலிக்காகத்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? துணியை எடுத்துவிட்டு வலைத் தகடு அடித்திருக்கிறேன்.

கட்டில் இப்போது கதவுப் பக்கம். வண்டி உள்ளே, எதிர்ச்சுவரை ஒட்டி, முன்சக்கரம் வாசலைப் பார்த்து. ராத்திரி பின்னாலேயே தள்ளி ஏற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் முதுகு பிடித்துக்கொண்டது, பழகிவிடும். ஜானகி அக்கா சொன்ன மிதியடிப் பலகை அருமை, ஐந்தடிதான். காலையில் பூட்டைத் திறந்து சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே உதைக்கிறேன். டீக்கடைக்காரர் மட்டும் முறைக்கிறார்.

விளக்குதான் பெரும்பாடு. "அப்பா இருந்தபோது வண்டி வெளியே, சாமி உள்ளே. நீ வந்து சாமியை நகர்த்துகிறாய்" என்றார் அம்மா. மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் வந்து பார்த்தால் அடுப்படிக்கு முந்தின அறையில் பலகை அடித்து, படமெல்லாம் மாற்றி, அவரே விளக்கேற்றி வைத்திருக்கிறார். தங்கைதான் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். தலை பாரம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டப் போகிறோம்.

நேற்று டேப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன், அரைமணி நேரம், நீங்கள் சொன்ன மாதிரியே. ஓவர்ஃப்ளோ டியூபுக்குக் கீழே பத்து பைசா அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். ஊசியை மட்டும் மாற்றினால் போதுமா, அது உட்காருகிற இடத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா தாத்தா? ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றலாம் என்றிருக்கிறேன்.

ஸ்பேனர் தாத்தா:

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும்போது டேங்கைத் தனியாக எடுத்து மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். மாடி இல்லாவிட்டால் டீக்கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.