கைகுலுக்கினால் வழக்கு முடிந்துவிடுமா? கத்தோலிக்கக் கல்லூரியில் ஒழுங்கும் ஒப்புரவும்

அகல்விளக்கு:
ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தவள் நான். அங்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு என் கருத்தை வைக்கிறேன்.

விடுதியில் இறுதியாண்டு மாணவர்கள் மூவர், முதலாண்டுப் பையன் ஒருவனைக் குளியலறையில் வைத்துப் பூட்டினார்கள். அவன் கதறியதைக் கைப்பேசியில் பதிவு செய்து மற்ற மாணவர்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் மாலை நால்வரையும் சிற்றாலயத்துக்கு வரச் சொன்னோம். சிறிய செபம், கொஞ்சம் அறிவுரை, மூவரின் வாயிலிருந்தும் ஒரு 'மன்னித்துக்கொள்', பிறகு கைகுலுக்கல். கோப்பில் 'ஒப்புரவு ஏற்பட்டது', அதாவது இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள், என்று எழுதி மூடினோம். என் கையொப்பமும் அதில் இருக்கிறது. மூன்று வாரத்தில் அந்தப் பையன் படிப்பை விட்டுப் போய்விட்டான். மற்ற மூவரும் பட்டம் வாங்கினார்கள்.

முதலில் முறையான விசாரணை, பிறகு தண்டனை, அதற்கும் பிறகுதான் ஒப்புரவு. இந்த வரிசையை மாற்றும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய கல்லூரிக்கு அறவே இல்லை.

பழைய காப்பாளர்:
உங்கள் வேதனை புரிகிறது அம்மா. ஆனால் நோயைச் சரியாகக் கண்டுவிட்டு மருந்தைத் தவறாகச் சொல்கிறீர்கள். அன்று மாலை நீங்கள் நடத்தியது ஒப்புரவே அல்ல. அவசரத்தில் ஒரு சடங்கை முடித்திருக்கிறீர்கள். அதை வைத்து ஒப்புரவையே வரிசையின் கடைசிக்குத் தள்ளுவது நியாயமில்லை.

22 ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தேன். விசாரணை என்ற சொல் காதில் விழுந்த நொடியில் மாணவர்களின் வாய் பூட்டிக்கொள்ளும். உண்மை தெரிந்தவன் பேசமாட்டான்; தவறு செய்தவன் வக்கீலைப்போலப் பேசக் கற்றுக்கொள்வான். அதே பையனை இரவு உணவுக்குப் பிறகு தோட்டத்தில் நடக்க அழைத்துப் போனால் பத்து நிமிடத்தில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்வான். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இது என் கண்டுபிடிப்பும் அல்ல. இளைஞர் கல்விக்காக உழைத்த இத்தாலியக் குரு புனித தோன் போஸ்கோ, தவறு நடக்கும் முன்பே தடுக்கும் தம் தடுப்புக் கல்விமுறையை 1877இல் எழுதி வைத்தபோது, பகுத்தறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின்மேல்தான் அதை நிறுத்தினார். மிக அரிதான சூழலைத் தவிர யாரையும் பிறர் முன்னால் தண்டிக்கவோ திருத்தவோ கூடாது என்றார். துறவு மடங்களுக்காகப் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய ஒழுங்குநூலின் 23ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தவறிய துறவியை முதலில் இருமுறை தனிமையில் எச்சரிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால்தான் எல்லார் முன்பும் கண்டிப்பு. 29ஆம் அதிகாரம், வெளியேறிய துறவியை மூன்று முறை வரைக்கும் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. வெளியே அனுப்புவது நிர்வாகத்துக்கு எளிது. கூட இருந்து திருத்துவதுதான் கடினம்.

சட்டப்படி:
ஒழுங்கு விசாரணைகளில் மாணவர்களுக்குத் துணையாக உட்காருவது என் வேலை. காப்பாளர் ஐயா சொல்லும் தோட்டத்து நடையைக் கேட்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பையன் சொன்னது என்ன ஆகும்? ஆறுதலுக்காகச் சொன்னானா, வாக்குமூலமாகவா? நாளை அதே காப்பாளர் குழுவில் உட்கார்ந்து அவனை நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவாரா?

திருச்சபை இந்த ஆபத்தை நன்றாக அறிந்தே வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 985ஆம் விதி, கல்வி நிலையத்தின் அதிபர் தம்முடன் ஒரே இல்லத்தில் தங்கும் மாணவரின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையை, கேட்கக் கூடாது என்கிறது. மாணவர் தாமாகவே விரும்பிக் கேட்டால் மட்டும் விதிவிலக்கு. அதற்கு முந்தைய விதி, அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளி நிர்வாகத்துக்கு எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மனச்சான்று ஒரு வாசல், ஆட்சி இன்னொரு வாசல். இரண்டுக்கும் ஒரே மனிதர் காவல் நிற்கக் கூடாது. பாவசங்கீர்த்தனம் என்ற புனிதச் சடங்குக்கே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. ஆலோசகரும் நண்பரும் நீதிபதியும் தாமே என்று ஒரு காப்பாளர் இருந்தால் அதை எப்படி அன்பு என்று ஏற்பது?

அகல்விளக்கு அவர்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பையன் கத்தோலிக்கனா?

அகல்விளக்கு:
இல்லை. அவனைச் சிற்றாலயத்துக்கு வரச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவனுக்கு முழங்காலிட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்றுகூடத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில், எங்கள் சாமி முன்னால், எங்கள் வார்த்தைகளில் மன்னிக்கச் சொன்னோம்.

பழைய காப்பாளர்:
அது பெரிய தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சட்டப்படி அவர்களே, நான் குரு அல்ல, குடும்பஸ்தன். என்னிடம் வந்தது பாவசங்கீர்த்தனம் அல்ல, பேச்சு. என் விடுதியில் நான் ஒருபோதும் குழுவில் உட்கார்ந்ததில்லை. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வரிசையைத்தான் பின்பற்றினேன். முதலில் தனியே பேசு. கேட்கவில்லையென்றால் ஓரிருவரை உடன் அழைத்துப் போ. அப்போதும் கேட்கவில்லையென்றால் திருச்சபையிடம் சொல். இதில் விசாரணைக் குழு மூன்றாவது படி. நீங்கள் இருவரும் அதை முதல் படி ஆக்குகிறீர்கள்.

நீரோடை:
நான் துறவற சபை ஒன்றைச் சேர்ந்தவள். மாணவர் ஆலோசகராகப் பணி செய்கிறேன். மத்தேயு 18ஐ இப்படிப் பயன்படுத்துவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அந்தப் பகுதி, சமமான இரு சகோதரர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறது. பூட்டப்பட்ட முதலாண்டுப் பையன், பூட்டிய மூவரிடம் தனியே போய்ப் பேச வேண்டும் என்று யாராவது சொல்வார்களா?

அதே நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு அவன்தான் போக வேண்டும். அங்கே எழுந்து நடப்பவன் புண்படுத்தியவன். புண்பட்டவனை யாரும் பீடத்துக்கு அழைத்து வருவதில்லை. அன்று மாலை சிற்றாலயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது.

தவறு செய்தவர் பாதிக்கப்பட்டவரைச் சந்தித்து, விளைந்த கேட்டைச் சரிசெய்ய வைக்கும் 'சீரமைப்பு நீதி' என்று இன்று பேசப்படும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி 1974இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், எல்மைரா என்ற சிற்றூரில் நடந்தது. இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். பிறகு அவர்களையே வீடு வீடாக அழைத்துப் போய் உரியவர்களைச் சந்திக்க வைத்தார்கள். இழப்பீடும் கொடுக்க வைத்தார்கள். அழகான கதை என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த நடைக்கு முன்பே அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். உண்மை முதலில் வந்தது. சந்திப்பு அதன்மேல் கட்டப்பட்டது.

என் அனுபவத்தில் ஒரு நல்ல சந்திப்புக்கு வாரக்கணக்கில் தயாரிப்பு வேண்டும். இரு தரப்பையும் தனித்தனியே பலமுறை பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 'வேண்டாம்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கவும் கூடாது. எங்கே உட்காருவது, யார் முதலில் பேசுவது, எப்போது எழுந்து போகலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்ய வேண்டும். கடைசிவரை நேரில் சந்திக்காமல் கடிதத்தோடு முடித்துக்கொண்டவர்களும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

மறுகரை:
இதுவரை எழுதிய எல்லாரும் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள். நான் இந்தப் பக்கம். இரண்டாம் ஆண்டில் சக மாணவன் ஒருவனை அடித்து மூக்கை உடைத்தேன். கல்லூரி என்னை நீக்கியது.

விசாரணையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்கள். பதில் தர ஏழு நாள் அவகாசம். மூன்று பேர் குழு, மேல்முறையீட்டுக்கு வழி, எல்லாம் இருந்தது. அந்த மாதம்தான் என் தகப்பனார் எங்களை விட்டுப் போயிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அடித்தது நான்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். விசாரணை நடக்கும்போது தொடர்புகொள்ளக் கூடாது என்றார்கள். முடிந்த பிறகு, நீ எங்கள் மாணவன் அல்ல என்றார்கள். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் கேட்கவில்லை.

அகல்விளக்கு அவர்களே, 'விசாரணை, தண்டனை, பிறகு ஒப்புரவு' என்கிறீர்கள். அந்தப் 'பிறகு' எனக்கு வரவே இல்லை.

சட்டப்படி:
வருந்துகிறேன். தொடர்புத் தடை பாதிக்கப்பட்டவரைக் காப்பதற்காக இருக்கிறது. அதை நீக்கச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது ஒருவர் வழியாக, அவர் விரும்பினால் மட்டும், ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க வழி வைத்திருக்கலாம். அது இல்லாதது நடைமுறையின் குறைதான்.

திருச்சபையின் தண்டனைச் சட்டம் கல்லூரி விதிமீறலுக்காக எழுதப்பட்டதல்ல. இருந்தாலும் 1341ஆம் விதியை ஒவ்வொரு ஒழுங்குக் குழுவும் ஒருமுறை படிக்க வேண்டும். நீதியை நிலைநாட்டுதல், குற்றவாளியைத் திருத்துதல், துர்மாதிரியால் விளைந்த கேட்டைச் சரிசெய்தல் என்று மூன்று நோக்கங்களை அது சொல்கிறது. உங்கள் குழு முதலாவதோடு எழுந்து போய்விட்டது. அகல்விளக்கு இருந்த குழு, இரண்டாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு மூன்றையும் விட்டுவிட்டது.

அகல்விளக்கு:
மறுகரை எழுதியதைப் படித்த பிறகு உடனே பதில் எழுத முடியவில்லை. என் முதல் பதிவில் வரிசையைப் பற்றி மட்டுமே பேசினேன். பிறகு வரவேண்டியதை யார் பொறுப்பேற்றுச் செய்வது என்பதைச் சொல்லவில்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றில் இறங்கிவரமாட்டேன். அறைத் தோழர்களின் சண்டை, சத்தம், வதந்தி, கடன் வாங்கித் தராதது, இவற்றுக்குக் காப்பாளர் ஐயாவின் தோட்டம் போதும். குழு கூட்டுவதே அபத்தம். பாலியல் துன்புறுத்தல், விடாமல் பின்தொடர்தல், கூட்டமாகச் சேர்ந்து மிரட்டுதல், ஆசிரியர் மாணவரிடம் வரம்பு மீறுதல், இவற்றில் ஒன்று வந்தால் சமரசம் என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது. சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதை ஆலயக் கதவுக்குப் பின்னால் வைக்கவும் கூடாது. கல்லூரியின் நற்பெயர் கெடும் என்று ஒருவர் சொன்னால், அவர் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயுவை எண்ணிப் பாருங்கள். 'வருந்துகிறேன்' என்பதோடு அவன் நிற்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1459ஆம் எண்ணில் அதையே கேட்கிறது: திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறு செய்திருந்தால் அவர் பெயரை மீட்டுக் கொடு, காயத்துக்கு ஈடு செய். அந்த மூவரும் எதைத் திருப்பிக் கொடுத்தார்கள்? பதிவை அழித்தார்களா என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை.

பழைய காப்பாளர்:
நீங்கள் பட்டியலிட்ட குற்றங்களில் நான் உங்கள் பக்கம்தான். எல்லைக்கோட்டில்தான் கருத்து வேறுபாடு. கூட்டமாக மிரட்டுவதும் முதல் நாளில் வெறும் கேலியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். குழு கூடும் நாள் வரை காத்திருந்தால் அந்த முதல் இரவு கைநழுவிப் போகும். அந்த இரவில் காப்பாளர் செய்ய வேண்டியவை உண்டு. பையனை அல்ல, பூட்டியவர்களை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவனை இடம் மாற்றினால் தண்டனை அவனுக்கு என்று ஆகிவிடும். கைப்பேசியில் இருப்பதை அழிக்கச் சொல்லாமல், அது மேலும் பரவாமல் தடுத்துச் சான்றாகக் காக்க வேண்டும். அவன் வீட்டுக்குத் தெரிவிக்கலாமா என்று அவனிடமே கேட்க வேண்டும். இதற்கெல்லாம் தீர்மானம் தேவையில்லை, விழித்திருக்கும் ஒரு மனிதர் போதும்.

ஒன்று கேட்கிறேன் அம்மா. அந்தக் கோப்பை மீண்டும் திறக்கச் சொல்லி நீங்கள் எழுதினீர்களா?

அகல்விளக்கு:
இல்லை. இந்த வாரம் எழுதப்போகிறேன்.

மறுகரை:
எழுதுவதற்கு முன் அவனிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவன் சொல்லலாம்.

சட்டப்படி:
இதில் எனக்கு உடன்பாடில்லை. அவனை மறுபடி சாட்சி சொல்ல அழைப்பதற்குத்தான் அவன் சம்மதம் வேண்டும். 'ஒப்புரவு ஏற்பட்டது' என்ற பொய்யான வரியை அடிப்பதற்கு வேண்டியதில்லை. அந்த வரியை எழுதியது கல்லூரி.

நீரோடை:
வரியை அடியுங்கள். அடித்துவிட்டோம் என்று ஒரு கடிதம் மட்டும் அவனுக்குப் போகட்டும். பதில் எதிர்பார்க்கவில்லை என்று அதிலேயே எழுதுங்கள். சிற்றாலயத்தின் படம் போட்ட தாளில் அச்சடிக்க வேண்டாம்.