வெளி நிறுவனத்தின் கைக்குப் போன அரசுத் தரவு: நாங்கள் பார்த்ததும் பட்டதும்

அரசுத் துறை ஒன்றுக்கு மென்பொருள் பராமரித்த ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவன் நான். பாதுகாப்புத் தணிக்கை என்றாலே எங்களுக்குக் கோப்பு அடுக்குகிற வேலைதான். பாஸ்வேர்டு விதி இருக்கிறதா? இருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? கையெழுத்துப் பட்டியல் இதோ. வந்தவர் டிக் அடித்துவிட்டுப் போவார். பக்கத்து அறையில், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சர்வரில் மக்களின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாம் அப்படியே கிடக்கும். ஏதோ ஒரு பிழையைத் தேட எடுத்த நகல், அப்புறம் யாரும் அழிக்கவில்லை. நகல்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று எந்தத் தணிக்கையாளரும் எங்களைக் கேட்டதில்லை.

அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையில் வெடித்ததும் இதே கதைதான். முக அடையாளச் சோதனைத் திட்டத்தில் இருந்த துணை ஒப்பந்த நிறுவனம், பயணிகளின் படங்களை அனுமதியில்லாமல் தன் நெட்வொர்க்குக்கு எடுத்துப் போயிருந்தது. 2019இல் அங்கே ஹேக்கர்கள் புகுந்தபோது சுமார் 1,84,000 படங்கள் சிக்கின. சில, சாதாரணத் தேடலில் சிக்காத இணையப் பகுதியான டார்க் வெப்பிலும் வந்தன. 2020இல் வந்த, அரசுத் துறையைச் சோதிக்கும் தலைமை ஆய்வாளரின் அறிக்கை, துறையின் பாதுகாப்பு ஏற்பாடுகளும் போதவில்லை என்றது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

---

நான் மேசைக்கு அந்தப் பக்கம், துறையில் இருந்தவள். ஒப்பந்தத்தில் தணிக்கை செய்யும் உரிமை எங்களுக்கு இருந்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனம் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்த துணை நிறுவனங்களின் பட்டியலே எங்களிடம் இல்லை. யாரைப் போய்த் தணிக்கை செய்வது?

எங்கள் தரவு கசிந்ததையும் ஒரு நிருபர் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்துகொண்டோம். ஐரோப்பியச் சட்டத்தில்கூட, தரவுக்குப் பொறுப்பான அமைப்பு கண்காணிப்பு ஆணையத்துக்கு, கசிவு தெரியவந்த 72 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். அதற்காக வேலை செய்யும் வெளி நிறுவனமோ தாமதமின்றிச் சொன்னால் போதும், மணிக்கணக்கு கிடையாது. அதை ஒப்பந்தத்தில் நாம்தான் எழுதி வாங்க வேண்டும். டெண்டர் அவசரத்தில் யார் எழுதுகிறார்கள்?

---

சரி, நான் வெறும் பொதுஜனம். கேள்வியே படாத ஒரு நிறுவனத்திடமிருந்து, உங்கள் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று கடிதம் வந்தது. மோசடி என்று கிழிக்கப் போனேன். துறைக்குப் போன் செய்தால் "அந்த நிறுவனத்தைக் கேளுங்க" என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால், "தரவு துறையோடது, நாங்க எதுவும் சொல்ல முடியாது." எந்த விவரங்கள் போயின என்று இன்றுவரை பதில் இல்லை.