போதமலைக்கு 139 கோடியில் ரோடு: ஆள் கணக்குப் பார்க்கணுமா, கூடாதா?

கணக்கன்:
நாமக்கல் மாவட்டம் போதமலைக்கு 31 கி.மீ. ரோடு, 139.65 கோடி. மேல இருக்கறது கீழூர், மேலூர், கெடமலைன்னு மூணே ஊர். ஓட்டு ஆயிரத்துச் சொச்சம். வகுத்தா ஒரு ஓட்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல வருது. அந்தக் காசுல ராசிபுரம் பக்கம் நிலமும் வீடும் கொடுத்து இறக்கிவிட்டா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே கிட்டத்துல. இதை ஏன் யாரும் பேசறதில்ல?

மலையடிவாரம்:
எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வோட்டிங் மெஷினைத் தலைச்சுமையாத் தூக்கிட்டுப் போற போட்டோ பேப்பர்ல வருமே, அந்த ஊருங்க தான். அதே தடத்துல தான் பிரசவ வலி வந்தவங்களைத் தூளி கட்டி இறக்கறாங்க. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர், தோள்ல மூங்கில். மழை பெஞ்சு பாறை வழுக்கினா தூளியைக் கீழ வைக்கக்கூட இடம் கிடையாது. இறங்கி வாங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. அங்க காடு கழனி வெச்சிருக்கறவங்களுக்குக் கீழ மூணு சென்ட் பட்டா எதுக்குங்க?

கணக்கன்:
உணர்ச்சிவசப்படாதீங்க. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000ல வந்தப்பவே சமவெளின்னா 500 பேர், மலை, பழங்குடிப் பகுதின்னா 250 பேர்னு கோடு கிழிச்சாங்க. ஆள் கணக்குப் பார்க்காம எந்த அரசாங்கமும் ரோடு போட்டதில்ல.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கோடு இருக்கு, சரி. யாரை எப்படி எண்றாங்கன்னும் பாருங்க. அந்தத் திட்டத்துல கணக்கு வருவாய்க் கிராமத்துக்கு இல்ல, குடியிருப்புக்கு. சமவெளியில 500 மீட்டருக்குள்ள இருக்கற குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம், மலையில நடைபாதையா 1.5 கி.மீ. மலையில அந்தத் தூரத்தைத் தாண்டி நாலு வீடு இருந்தா அது கணக்குல சேராம தனிக் குடியிருப்பு ஆயிடும்.

இன்னொண்ணு, 2024ல ஒப்புதல் கொடுத்த நாலாம் கட்டத்துக்கும் 2011 சென்சஸ் தான் ஆதாரம். அடுத்தது 2027ல. பஸ் இல்லேன்னு திருப்பூருக்குக் குடும்பத்தோட போனவன் புதுக் கணக்குல குறைவான். ஆள் குறைஞ்சுட்டாங்கன்னு ரோட்டைத் தள்ளிப் போடுவாங்க. இந்த வட்டத்தை எங்க வெட்டறதாம்?

செங்கோட்டு லாரி:
கணக்கன் கட்சி நான் இல்ல, ஆனா எனக்கும் ஒரு சந்தேகம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவோட ரோடு இருக்கு. மிளகும் வாழையும் இறங்குது, நல்லது தான். கூடவே ரிசார்ட் ஏறிச்சு. போதமலையில நாளைக்கு யார் நிலம் யார் கைக்குப் போகும்?

மலையடிவாரம்:
அதுக்குப் பத்திரத்தைப் பார்க்கணும், ரோட்டை நிறுத்தக்கூடாது. 2023 மே மாசம் வேலூர் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை செத்துப் போச்சு. ஆம்புலன்ஸ் பாதி வழியில நின்னுடுச்சு, உடலைத் தாயே கையில ஏந்தி மலை ஏறினாங்க. அந்த ஊர்லயும் யாரோ தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துத் தான் பார்த்திருப்பாங்க.

கணக்கன்:
அல்லேரிக்குக் காசு குறுக்க நின்னுச்சா, வனத்துறையா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
நியாயமான கேள்வி. வன உரிமைச் சட்டம் 2006ன்படி கிராம சபை பரிந்துரைச்சா ரோட்டுக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள காட்டு நிலம் விடலாம். 31 கி.மீ. மலைப்பாதை அதுல எங்க அடங்கறது? 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதிக்கு அலையணும், பதிலுக்கு வேற நிலம் காட்டணும். வருஷக்கணக்கா ஃபைல் அங்க தான் தூங்கும். தூங்கற வரைக்கும் எஸ்டிமேட் ஏறிட்டே இருக்கும். அப்புறம் அந்தத் தொகையைத் தான் நீங்க ஓட்டால வகுக்கறீங்க.

செங்கோட்டு லாரி:
அதெல்லாம் இருக்கட்டும், ரோடு முடிஞ்சதும் அதுல என்ன வண்டி ஓடும்? 2025ல தொடங்கின புது மினி பஸ் திட்டம்னாலும் ஓட்டறது தனியார் தானே. ரெண்டு டிரிப் காலியா ஏறி இறங்கினா டீசல் காசுக்கே கட்டாது, பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துடுவான். அரசு பஸ்ஸே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு இப்பவே எழுதி வாங்கணும். மனு எழுதறதா இருந்தா சொல்லுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.

கணக்கன்:
காலி பஸ்ஸுக்கும் நம்ம வரிதானா? நடத்துங்க.