அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அண்ணனைச் சட்டப்படி கேட்க முடியுமா?

இளைய மகள்:
சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 74 வயது. சென்ற ஆடியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய், மருந்துக்கு 3,500. என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. எத்தனை நாள் தாங்குவோம்? 2016-ல் அப்பா காலமானதும் வீட்டை அம்மா அண்ணனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிட்டார். அண்ணனோ, "உன்னிடம்தானே இருக்கிறார், நீயே பார்" என்கிறார். நேற்றிரவு அம்மா மாத்திரையை நகத்தால் உடைத்து, பாதியை முந்தானையில் முடிந்துகொண்டார். மிச்சம் பிடிக்கிறாராம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:
முதலில் மாத்திரையை முழுதாக விழுங்க வையுங்கள், அம்மா. கேட்க முடியும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். உணவு, உடை, இருப்பிடத்தோடு மருத்துவச் செலவும் பராமரிப்பில் அடங்கும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடுவார்கள். விசாரணை முடியுமுன்பே இடைக்காலத் தொகையும் கேளுங்கள். ஆனால் மனுதாரர் நீங்கள் அல்ல, அம்மாதான். அவரால் இயலாதபோது அவர் அதிகாரம் கொடுத்தால் நீங்கள் கொடுக்கலாம். இன்னொன்று: மகனுக்கு உள்ள கடமை மகளுக்கும் உண்டு. நீங்கள் செய்துவரும் செலவுக்கான ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பத்திர எழுத்தர்:
செட்டில்மென்டை எடுத்துப் படியுங்கள். "ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருந்து, அண்ணன் அதை மீறியிருந்தால், அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். அந்த வரி இல்லாவிட்டால் சிக்கல்தான். நான் எழுதும் ஒவ்வொரு பத்திரத்திலும் அதைச் சேர்க்கச் சொல்லி மன்றாடுகிறேன், "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று பெற்றோரே மறுத்துவிடுகிறார்கள்.

இளைய மகள்:
எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை. பராமரிப்பு மனுவை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எதிர்மனுதாரர் என்று அண்ணன் பெயர் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:
வற்புறுத்தாதீர்கள். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அண்ணனை எதிரே உட்கார வைத்துப் பேசுவார்கள். அதைச் சொல்லிப் பாருங்கள்.

இளைய மகள்:
சொன்னேன், ஐயா. "அப்படியென்றால் அவன் வருவானா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கப் போகிறேன்.