ட்ரெமலோ நின்றுபோன பழைய ஃபெண்டர் ஆம்ப்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என்னுடையது அறுபதுகளின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிடார் ஆம்ப், ஏபி763 சர்க்யூட். ஒலி சுத்தம், ரிவெர்ப் (எதிரொலி) அருமை, ட்ரெமலோ (சத்தத்தை ஏற்றி இறக்கித் துடிக்க வைப்பது) மட்டும் செத்துக் கிடந்தது. பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஆம்ப்பைத் திறக்க வேண்டாம். இதில் நார்மல், வைப்ரேட்டோ என இரண்டு சேனல்; ட்ரெமலோ வைப்ரேட்டோ சேனலுக்கு மட்டும்தான். நார்மலில் கிடாரைச் செருகிவிட்டுக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அடுத்தது கால் சுவிட்ச். துடிப்பை உண்டாக்கும் ஆசிலேட்டர் வால்வின் கிரிட்டை (வால்வைக் கட்டுப்படுத்தும் முனை) ஒரு நெகட்டிவ் வோல்டேஜ் அடக்கி வைத்திருக்கும். சுவிட்ச் அதை கிரவுண்டுக்கு இழுத்தால்தான் துடிப்பு தொடங்கும். (ரிவெர்ப் நேர் எதிர்: கிரவுண்ட் செய்தால் அணையும்.) சுவிட்ச் கைவசம் இல்லையென்றால், ஒரு ஆர்சிஏ பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் கம்பியால் சேர்த்துப் பின்பக்க வைப்ரேட்டோ ஜாக்கில் செருகினால் போதும். எனக்கு அதிலும் உயிர் வரவில்லை.

அப்புறம் அந்த ஆசிலேட்டர் வால்வு. பின்னாலிருந்து பார்த்தால் வலமிருந்து ஐந்தாவது, 12ஏஎக்ஸ்7. முதல் வால்வு நார்மல் சேனலுக்கு மட்டுமே உழைப்பது, அதே வகை. அதைக் கழற்றி இங்கே போட்டால் காசு செலவில்லாமல் சோதனை முடிந்தது. பலருக்குக் கோளாறே இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால்தான் சேசிஸை (சர்க்யூட் உள்ள உலோகப் பெட்டி) இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம். ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், இதில் வீரம் வேண்டாம்.

ட்ரெமலோ போனால் எல்லோரும் 'ரோச்' மேல்தான் பழி போடுகிறார்கள். அதன் கறுப்பு உறைக்குள் ஒரு நியான் பல்பும், அதைப் பார்த்தபடி ஒரு எல்டிஆரும் (ஒளிக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்) இருக்கும். பல்பு எரியும்போது எல்டிஆரின் தடை சரிந்து சிக்னல் கிரவுண்டுக்கு வடியும், சத்தம் தாழும், அணைந்தால் எழும். எல்டிஆரை அளக்க அதன் ஒரு காலைச் சர்க்யூட்டிலிருந்து விடுவியுங்கள். இல்லாவிட்டால் 50 கிலோ ஓம் இன்டென்சிட்டி பாட்தான் (ட்ரெமலோ ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) மீட்டரில் தெரியும்.

என் ஆம்ப்பில் பல்பு மினுக்கவே இல்லை, ஆசிலேட்டரின் பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) வோல்டேஜும் அசையாமல் நின்றது. அதாவது துடிப்பே பிறக்கவில்லை. ஆகவே ரோச்சை விட்டுவிட்டு, பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குத் திரும்பும் பாதையில் உள்ள மூன்று கெப்பாசிட்டர்களுக்கு வந்தேன் (0.02, 0.01, 0.01 மைக்ரோபாரட்). மீட்டரில் மூன்றும் சரியான மதிப்பையே காட்டின. ஆனால் பிளேட் பக்கத்துக் கெப்பாசிட்டரின் மறுமுனையைத் தூக்கி, ஆம்ப்பை ஆன் செய்து அளந்தால் அங்கே, கெப்பாசிட்டர் தடுத்திருக்க வேண்டிய டிசி வோல்டேஜ் கசிந்தது! சின்ன பேட்டரியில் ஓடும் மீட்டருக்கு இந்தக் கசிவு தெரியாது. 600 வோல்ட் தாங்கும் புதியவை மூன்றும் மாற்றினேன். இப்போது மெதுவான வேகத்திலும் நிற்காமல் துடிக்கிறது.

*

நல்ல பதிவு, அண்ணா. எனக்கு வேறு தொல்லை: ட்ரெமலோ ஓடும், கூடவே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். கிடாரின் வால்யூமைக் குறைத்தாலும் போகாது. நியான் சட்டென்று பற்றுவது பக்கத்துக் கம்பிகளில் ஏறுகிறது. ஆம்ப்பை ஓடவிட்டு, மூங்கில் குச்சியால் மட்டும் ரோச் கம்பிகளை மெல்ல நகர்த்தினேன். கிரிட் கம்பிகளிலிருந்து தள்ளிப் போனதும் சத்தம் அடங்கியது. எந்தப் பாகமும் மாற்றவில்லை.

*

ஃபெண்டரின் பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ரோச்சே கிடையாது. ஆசிலேட்டர் நேராக 6வி6 பவர் வால்வுகளின் பயஸை (அவற்றில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை நிர்ணயிக்கும் வோல்டேஜ்) ஆட்டும். எனக்குப் புது வால்வு போட்ட பிறகு ட்ரெமலோ சோகையாகிவிட்டது. பயஸ் ரொம்பச் சூடாக, அதாவது கரண்ட் அதிகமாக ஓடும்படி, இருந்திருக்கிறது. கொஞ்சம் குளிர வைத்ததும் ஆழம் திரும்பியது. வால்வு மாற்றினால் பயஸையும் அளந்துவிடுங்கள்.