மூக்குக்கண்ணாடியில் விழும் ஜன்னல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு 12×18 அங்குலத்தில் ஒரு படம் பிரின்ட் போட்டு மாட்டவேண்டும். என்னிடம் ஃபிளாஷ் இல்லை. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் மட்டும்தான். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, மறுபக்கம் தெர்மாகோல் அட்டை பிடித்ததில் கன்னத்து நிழல் நன்றாகவே இளகிவிட்டது. டியூப்லைட்டை அணைத்ததும் தோலில் இருந்த பச்சைச் சாயலும் போயிற்று.

சிக்கல் கண்ணாடியில். ஜன்னல் அப்படியே வெள்ளைக் கட்டமாக விழுந்து கண்ணை மறைக்கிறது. கழற்றச் சொன்னால் சம்மதிக்க மாட்டார். கழற்றினால் அது அப்பத்தா மாதிரியும் இருக்காது! முகத்தைத் தாழ்த்தினால் கட்டம் குறைகிறது, ஆனால் கழுத்து மடிப்பு தெரிகிறது. கண்ணாடிக் காம்பைக் காதுக்குச் சற்று மேலே தூக்கிவைத்தால் போதுமா? பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கலாம் என்றால், அது ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கும் மேல், வெளிச்சத்தைத் தின்றுவிடும். அறையோ ஏற்கெனவே மங்கல்.

அப்புறம் ரீடச். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். சுருக்கங்கள் அப்படியே இருக்கட்டும், நெற்றியின் எண்ணெய் மினுமினுப்பு மட்டும் அடங்கினால் சரி. தனி லேயரில் ஹீல் செய்து (பக்கத்துத் தோலை வைத்துச் சரிசெய்து) அந்த லேயரின் ஒபாசிட்டியைக் குறைப்பது நல்லதா, படத்தை நுண்விவரம், பெருவிவரம் என்று லேயர்களாகப் பிரிக்கும் வேவ்லெட் டீகம்போஸ் நல்லதா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.