மூன்று மன்னர்களின் டெனார்களை ஒரே தட்டில் பார்த்தபோது

மத்திய ஐரோப்பாவின் சுத்தியலடி வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவர்களில் பலருக்குப் தாலர் எனப்படும் பெரிய வெள்ளிக் காசுகளின் மீதுதான் கண். எனக்கோ ஹங்கேரியின் டெனார்களே நெருக்கமாகிவிட்டன. சுமார் 15 மில்லிமீட்டர் அகலமும் அரை கிராம் எடையும் உள்ள அந்தச் சில்லறைக் காசுகள்தான் சந்தையிலும் சம்பளத்திலும் கைமாறியவை.

வியன்னாவில் நாணய வணிகர் ஒருவர், மாத்தியாஸ், இரண்டாம் லயோஷ், முதலாம் ஃபெர்டினாண்டு ஆகிய ஹங்கேரி மன்னர்கள் மூவரின் டெனார்களையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டினார். மூன்றிலும் குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் உருவமே இருந்தது. வேறுபாடு உலோகத்தில் இருந்தது. 1460களின் இறுதியில் மாத்தியாஸ் நாணயத்தைச் சீர்செய்து, 100 டெனார்களை ஒரு பொற்காசுக்கு ஈடாக்கிய காலத்தைச் சேர்ந்த காசில், பாதியளவே வெள்ளி இருந்தபோதிலும் நிறம் சீராக இருந்தது. ஆனால் 1521இல் பெல்கிரேடு ஒட்டோமானியத் துருக்கியர் வசமாகி, போர்ச் செலவுக்காகக் காசின் வெள்ளி கடுமையாகக் குறைக்கப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்த லயோஷின் டெனாரில், தேய்ந்த மேடுகளில் செம்பு சிவந்து தெரிந்தது. 1526இல் ஒட்டோமானியருக்கு எதிரான மொகாச் போரில் லயோஷ் மாண்டபின் அரசுரிமை கோரிய ஃபெர்டினாண்டின் காசு மீண்டும் வெளுத்திருந்தது. ஓர் அரசின் நெருக்கடியை இவ்வளவு நேரடியாக விரலிடையே உணர்ந்தது அன்றுதான்.

ஃபெர்டினாண்டின் காசில் மரியாளின் இருபுறமும் K, B என்ற எழுத்துகள் இருந்தன. இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள கிரெம்னிட்சாவின் அக்கசாலை, அதாவது நாணயம் அச்சிடும் சாலை, இட்ட குறி அது. 1328இல் தொடங்கிய அந்த அக்கசாலை இன்றும் இயங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. கீழச்சின் மீது தகட்டை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலால் அடித்ததால், எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் விழுந்திருந்தன. இத்தகைய சாய்வைக் குறையாக எண்ணி ஒதுக்கிவிட்டு, பளபளவென்று துலக்கிய காசுக்கு அதிக விலை கொடுப்பவர்களை நான் ஏற்பதில்லை. துலக்கும்போது மேற்பரப்பு தேய்ந்து நுண்விவரங்கள் அழிந்துவிடுகின்றன.

வாங்குவதற்குமுன் எடை பார்ப்பதும், வார்ப்புப் போலிகளைக் காட்டிக்கொடுக்கும் நுண்குமிழிகளையும் வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விளிம்பில் விழும் கோட்டையும் உருப்பெருக்கியில் தேடுவதும் அவசியம். நான் லயோஷின் காசையே வாங்கினேன். செம்பு மிகுந்த இத்தகைய காசு பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் பச்சை படிந்து அரிக்கப்படும் என்பதால், அதை அமிலமற்ற தாளுறையில் வைத்திருக்கிறேன்.